சொற்போர் நெறி

சொற்போர் நெறி என்பது, கருத்து மாறுபாடு உடைய பலர் ஓர் அவையில் கூடி உரையாடும்போது கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்குகளைக் குறிக்கும். யார் முதலில் பேசுவது, எதைப் பேசாமல் விடுவது, பிறர் கருத்தை எவ்வாறு மறுப்பது, பேசாதிருப்போர் எவ்வாறு கேட்பது, முடிவை யார் கூறுவது ஆகியன இதனுள் அடங்கும். இவ்வகை ஒழுங்குகள் பல நாட்டு மரபுகளிலும் காணப்படுகின்றன. தமிழகத்தில் இவை பற்றிய கதைகளும் விதிகளும் மிகுதியாகச் சேர்ந்துள்ள இடம் மதுரையும் அதனைச் சூழ்ந்த பாண்டிய நாடும் ஆகும். சங்கப்பலகை பற்றிய பழங்கதை முதல் இன்றைய பட்டிமன்றம் வரை இங்கு இம்மரபின் பல வடிவங்களைக் காணலாம்.

பெயர்கள்

பலர் கூடும் இடத்தைத் தமிழ் நூல்கள் அவை, அவையம், மன்றம், அம்பலம் எனப் பல பெயர்களால் குறிக்கின்றன. சமய வாதத்திற்கெனத் தனியே அமைந்த கூடம் பட்டிமண்டபம் எனப்பட்டது. பட்டிமன்றம் என்னும் இன்றைய சொல் இதன் வழி வந்ததே. சோழன் கரிகாலனுக்கு மகத வேந்தன் பட்டிமண்டபம் ஒன்றைக் கொடுத்த செய்தி சிலப்பதிகாரத்தில் இடம்பெறுகின்றது.

வடமொழி நியாய நூலார் வாதத்தை மூன்றாகப் பிரித்தனர். உண்மையை அறியும் நோக்குடன் இருவர் பேசுவது வாதம். வெல்வதே நோக்கமாகப் பேசுவது சற்பம். தனக்கென ஒரு கொள்கையும் நாட்டாமல் எதிரியின் கூற்றைக் குலைப்பது மட்டும் விதண்டை. இம்மூன்றனுள் தமிழ்ப் பேச்சு வழக்கில் நிலைத்திருப்பது மூன்றாவதே. 'விதண்டாவாதம் பேசாதே' என்று படிப்பறிவில்லாதவரும் கூறுவதைக் கேட்கலாம்.

மதுரைச் சங்கம் பற்றிய கதைகள்

மதுரையில் புலவர் சங்கம் இருந்தது பற்றிய விரிவான செய்தி முதன்முதலாக இறையனார் களவியல் உரையில் காணப்படுகின்றது. கடைச்சங்கத்தில் நாற்பத்தொன்பது புலவர்கள் இருந்தனர் என்பது அவ்வுரையின் கூற்று. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் இச்செய்திகளைப் படலங்களாக விரிக்கின்றது. இவற்றை வரலாறாகக் கொள்ளுதல் இயலாது. ஆயினும் அவையில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று மதுரை மக்கள் எண்ணினர் என்பதை அறிய இக்கதைகளே சிறந்த சான்றுகள் ஆகும். மீனாட்சி அம்மன் கோயிலில் சங்கப் புலவர்களுக்குத் தனிச் சன்னதியும் உள்ளது.

சங்கப்பலகை சோமசுந்தரக் கடவுள் புலவர்களுக்குக் கொடுத்த ஆசனம் எனப்படுகின்றது. அளவில் அது சிறியது. தகுதியுடைய புலவர் வந்தால் தானே நீண்டு இடங்கொடுக்கும். தகுதியற்றோர்க்கு இடம் தராது. ஒருவரின் குலமோ செல்வமோ அரசனின் பரிந்துரையோ அங்குச் செல்லாது என்பது கதையின் உட்பொருள். திருக்குறள் மதுரையில் அரங்கேறியபோது பலகை அதற்கு இடம் தந்தது என்ற கதையும் வழங்குகின்றது.

நக்கீரர் கதை இவற்றுள் மிகவும் அறியப்பட்டது. பெண்களின் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டோ என்னும் ஐயத்தைத் தீர்க்கும் பாடலுக்குப் பாண்டியன் பொற்கிழி அறிவிக்க, இறைவன் எழுதித் தந்த பாடலைத் தருமி என்பவர் அவைக்குக் கொண்டுவருகின்றார். இப்பாடல் இறையனார் பெயரில் குறுந்தொகையின் இரண்டாம் பாடலாக உள்ளது. நக்கீரர் அதில் பொருட்குற்றம் காண்கின்றார். இறைவனே புலவராக வந்து வாதிட்டு நெற்றிக்கண்ணைக் காட்டியபோதும் அவர் தம் கூற்றை மாற்றிக்கொள்ளவில்லை. வெப்பம் தாளாது பொற்றாமரைக் குளத்தில் வீழ்ந்து, பின்னர் இறைவனைப் பாடிக் கரையேறுகின்றார். அதன்பின் அகத்தியரிடம் இலக்கணமும் கற்கின்றார். புராணத்தின்படி பிழை நக்கீரர் மீதே. மக்கள் நினைவில் வென்றவரோ அவர்தாம். பாடலை எழுதியவர் யார் என்பது பாடலின் குற்றத்தை மறைக்காது என்ற விதிக்கு அவர் பெயரே சான்றாக வழங்குகின்றது. ஏ. பி. நாகராசன் இயக்கிய திருவிளையாடல் திரைப்படம் (1965) இந்நினைவை மேலும் வலுப்படுத்தியது. அதில் நக்கீரராக நடித்தவரும் இயக்குநரே.

அதிகம் பேசப்படாத வேறு இரு கதைகள் சொற்போர் நெறியைப் பொறுத்தவரை இதனினும் நுட்பமானவை.

முதலாவது, ஊமைச் சிறுவன் நடுவராக அமர்ந்த கதை. இறையனார் களவியலுக்குப் புலவர் பலரும் உரை கண்டனர். எவர் உரை சிறந்தது என்று தம்முள் முடிவு காண இயலவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் உரையே சிறந்தது எனக் கொள்ளும்போது அவர்களுள் ஒருவர் நடுவராக இருத்தல் எங்ஙனம்? உப்பூரி குடிகிழார் மகனாகிய உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயதுப் பிள்ளை நடுவராக அமர்த்தப்படுகின்றான். அவன் வாய் பேசாதவன். ஒவ்வோர் உரையாக வாசிக்கப்படுகின்றது. மதுரை மருதன் இளநாகனார் உரைக்குச் சிற்சில இடங்களில் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் நிறுத்திய அவன், நக்கீரர் உரைக்குச் சொல்தோறும் அவ்வாறு இருந்தானாம். வாதம் வாதிடுவோரால் முடிவதில்லை, கேட்போரால் முடிகின்றது என்பது இக்கதையின் கருத்து எனலாம். திருவிளையாடற் புராணத்தில் இது 'சங்கத்தார் கலகம் தீர்த்த' படலமாக, சிறுவன் வணிகர் மகனாக மாற்றம் பெற்றுள்ளது.

இரண்டாவது, இடைக்காடர் கதை. புலமை மிக்க குலேச பாண்டியன் முன் இடைக்காடர் ஒரு பாடலைப் பாடினார். மன்னன் பாடலைப் பழிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. தலையசைக்காமல் வாளாவிருந்தான், அவ்வளவே. பொறாமையே அதற்குக் காரணம் என்கிறது புராணம். இடைக்காடர் கோயிலுக்குச் சென்று, மன்னன் இகழ்ந்தது தம்மை அன்று, சொல்லும் பொருளுமாகிய இறைவியையும் இறைவனையுமே என்று முறையிட்டார். இறைவன் கோயிலை விட்டே நீங்கினார். மன்னன் பிழை பொறுக்க வேண்டிப் புலவரைப் போற்றிய பின்னரே பிணக்கு நீங்கியது. கடும் மறுப்புரைத்த நக்கீரருக்குச் சங்கத்தில் இடம் எஞ்சியது. கேட்டும் கேளாதது போலிருந்த மன்னனின் ஊரிலோ கடவுளே தங்கவில்லை. இவ்வொப்பீடு எண்ணத்தக்கது.

நூல்கள் கூறும் விதிகள்

மணிமேகலையின் விழாவறை காதையில் இந்திர விழாவிற்கான அறிவிப்பு ஒன்று முரசறைந்து கூறப்படுகின்றது. சமயவாதிகள் பட்டிமண்டபத்தில் முறையாக ஏறி வாதிடலாம். பகைவரிடத்தும் சினமும் பூசலும் கொள்ளாமல் விலகிச் செல்லுதல் வேண்டும் என்பன அதில் அடங்கும். விழா நடந்தது புகாரில் எனினும் நூலாசிரியர் சாத்தனார் மதுரைக் கூலவாணிகர் என அறியப்படுபவர். அரசே வாதத்திற்கு இடமளித்து, அதே அறிவிப்பில் சினத்தை விலக்கியமை இங்குக் குறிப்பிடத்தக்கது. பட்டினப்பாலையில், கல்வி கேள்விகளில் வல்ல ஆசிரியர் வாதத்திற்கு அறைகூவிக் கொடி உயர்த்திய செய்தி உள்ளது.

மதுரை நகரின் அறங்கூறு அவையத்தை மதுரைக்காஞ்சி சுருக்கமாக வருணிக்கின்றது. அச்சம், வருத்தம், ஆசை, சினம், மகிழ்ச்சி ஆகிய எதற்கும் இடங்கொடாது துலாக்கோல் போல் இருந்தோர் அதன் அவையினர். மகிழ்ச்சியையும் விலக்கத்தக்கதாகச் சேர்த்திருப்பது நோக்கத்தக்கது. ஒரு தரப்பின் பேச்சு இனித்தால் அதுவும் நடுநிலையைக் கெடுக்கும் அன்றோ.

திருக்குறளில் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை ஆகிய மூன்று அதிகாரங்கள் இப்பொருளுக்கு உரியவை. கேட்போரின் தரமறிந்து பேசுதல், அறிவுடையோர் அவையில் அவர்களுக்கு முன்னே முந்திப் பேசாமை, குற்றமற்ற சில சொற்களால் முடிவதற்குப் பல சொற்களைப் பெருக்காமை முதலியன அங்குக் கூறப்படுகின்றன. தக்க அவையல்லாத இடத்தில் பேசாது விடுதலும் நெறியே என்று வள்ளுவர் கொண்டார். மறுபுறம், கற்றிருந்தும் அவைக்கு அஞ்சி வாய்திறவாமையை அவர் கடுமையாகவே பழித்துள்ளார். அடக்கம் வேறு, அச்சம் வேறு.

மிகவும் ஒழுங்குபட்ட விதிகளைத் தருவது பவணந்தி முனிவரின் நன்னூல் (13ஆம் நூற்றாண்டு) ஆகும். நூல் எழுதுவோர்க்கு எனக் கூறப்பட்டவையாயினும் பேசுவோர்க்கும் இவை பொருந்தும். அது கூறும் பத்துக் குற்றங்களுள் கூறியது கூறல், மிகைபடக் கூறல், மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல் ஆகியன அவையில் அன்றாடம் காணப்படுபவை. மற்றொன்று விரித்தல் என்பது எடுத்த பொருளை விட்டு வேறொன்றைப் பெருக்குதல். கூட்டங்களில் காலத்தைத் தின்பது பெரும்பாலும் இதுவே.

நன்னூலின் எழுவகை மதம் என்னும் பகுதி, பிறர் கருத்தின் முன் ஒருவர் மேற்கொள்ளத்தக்க நிலைகளைக் கூறுகின்றது. உடன்படலும் மறுத்தலும் அவற்றுள் இரண்டு மட்டுமே. பிறர் கொள்கையை முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர்க் களைதல், தான் ஒன்றை நாட்டி அதனை நிறுவுதல், இருவர் தம்முள் மாறுபட்டுக் கூறியவற்றுள் ஒன்றைத் துணிதல், பிறர் நூலின் குற்றங்காட்டல், பிறவற்றோடு சேராது தன் கொள்கையைக் கொள்ளுதல் ஆகியன ஏனையவை. மறுப்பதற்கு இத்தனை வழிகளை வகுத்த ஆசிரியர், குற்றங்காட்டுவதைப் 'பிறர் நூலில்' என்றே வரையறுத்தார். நூலாசிரியரின் குற்றங்காட்டல் என்பது பட்டியலில் இல்லை.

மானூர்க் கல்வெட்டு

மேற்கூறியவை யாவும் அறிவுரைகள். தண்டத்துடன் கூடிய விதி ஒன்று பாண்டிய நாட்டிலேயே கல்லில் கிடைத்துள்ளது. திருநெல்வேலி மாவட்டம் மானூரில் உள்ள இக்கல்வெட்டு ஏறத்தாழ கி.பி. 800ஆம் ஆண்டைச் சார்ந்தது. அவ்வூர்ச் சபையில் உறுப்பினராவதற்கான தகுதிகளைக் கூறிய பின்னர், கொண்டுவரப்படும் கருத்துக்கெல்லாம் 'அன்று, அன்று' என்று மறுத்துச் சபையின் செயலைத் தடுப்போரைப் பற்றி அது பேசுகின்றது. அவ்வாறு செய்வோரும் அவருக்குத் துணை நிற்போரும் ஒவ்வொரு பொருளுக்கும் ஐந்து காசு தண்டம் இறுத்தல் வேண்டும்.

மறுப்புரைப்பது குற்றமாகக் கூறப்படவில்லை. எல்லாவற்றையும் மறுப்பதே குற்றம். விதண்டைக்கு விலை வைத்த விதி என இதனைக் கூறலாம். எனினும், இது பிராமணர்க்கு அளிக்கப்பட்ட ஊரின் சபை. நிலமும் வேதக்கல்வியும் உடையோரே அங்கு உறுப்பினர். அவ்வூரில் உழுதோர்க்கு 'ஆம்' என்று சொல்லவும் 'அன்று' என்று சொல்லவும் அச்சபையில் இடமில்லை.

நெறி தவறிய வாதங்கள்

தோற்றவரின் கதி என்ன என்பது வாத மரபின் கடினமான கேள்வி ஆகும். கி.பி. 7ஆம் நூற்றாண்டில் மதுரையில் திருஞானசம்பந்தருக்கும் சமணருக்கும் இடையே நடந்ததாகக் கூறப்படும் வாதங்களைப் பெரியபுராணம் விரித்துரைக்கின்றது. ஏடுகளைத் தீயிலிடும் அனல்வாதம், வையையில் விடும் புனல்வாதம் ஆகிய இரண்டிலும் சம்பந்தர் வென்றார் என்பதும், அவரது ஏடு நீரை எதிர்த்துச் சென்று திருவேடகத்தில் கரை சேர்ந்தது என்பதும் அதன் கூற்று. தோற்றால் கழுவேறுவோம் என்று சமணர் சினந்து கூறியதாகவும், அவ்வாறே எண்ணாயிரவர் கழுவேற்றப்பட்டதாகவும் அது மேலும் கூறுகின்றது.

இது நடந்த நிகழ்ச்சி அன்று எனக் கருதும் வரலாற்றாளர் உளர். கே. ஏ. நீலகண்ட சாத்திரியார் இதனை வெறும் கதையாகவே கொண்டார். மதுரையை அடுத்த கீழக்குயில்குடி சமணர் மலையில் 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. சமணம் இப்பகுதியில் தொடர்ந்து வாழ்ந்ததற்கு இவை சான்று. நடவாத நிகழ்ச்சியாயினும், வாதத்தில் தோற்றவர் உயிரிழத்தல் தகும் என்று பிற்காலத்தார் எண்ணியதையும் அதனைப் பெருமையாகப் பாடியதையும் மறைத்தல் இயலாது. இங்கு வாதம் என்னும் பெயரே பொருந்துமா என்பதும் ஐயமே. தீயிலும் நீரிலும் இட்ட ஏடுகளில் எழுதியிருந்த கருத்துகளை எவரும் எடுத்து மறுக்கவில்லை.

தோற்ற புலவரின் காதை அறுத்ததாக வில்லிபுத்தூரார் பற்றியும் ஒரு கதை வழங்குகின்றது. அருணகிரிநாதரிடம் அவரே தோற்றபோது, வென்றவர் காதை அறுக்காது விட்டு அவ்வழக்கத்தை நிறுத்தச் செய்தார் என்பர்.

அண்மைக் காலத்திலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. பாலவனத்தம் சமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901ஆம் ஆண்டு மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தைத் தோற்றுவித்து, செந்தமிழ் என்னும் இதழ் வழியாக ஆராய்ச்சிக்குப் பெருந்தொண்டு புரிந்தவர். ஆங்கிலேயர் ஒருவர் திருக்குறளைத் தம் விருப்பப்படி திருத்தி அச்சிட்டபோது, தேவர் படிகளை எல்லாம் விலைக்கு வாங்கித் தீயிட்டார் என அவரது வரலாற்றைக் கூறுவோர் புகழ்ந்துரைப்பர். திருத்தங்கள் தவறானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவற்றுக்கு ஒரு மறுப்புரை எழுதப்பட்டிருந்தால் அது இன்று படிப்பதற்கு எஞ்சியிருக்கும்.

பட்டிமன்றம்

இன்றைய பட்டிமன்றம் கம்பன் விழாக்களில் வளர்ந்தது. சா. கணேசன் 1939இல் தோற்றுவித்த காரைக்குடிக் கம்பன் கழகம் இதில் முன்னோடி ஆகும். இலக்கியப் பாத்திரங்களைப் பற்றியதாக இருந்த தலைப்புகளைச் சமுதாயச் சிக்கல்கள் நோக்கித் திருப்பியவர்களுள் குன்றக்குடி அடிகளார் முதன்மையானவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியின் தமிழ்ப் பேராசிரியர் சாலமன் பாப்பையா இதனைத் திருவிழா மேடைகளிலும், பின்னர்த் தொலைக்காட்சியிலும் பெருந்திரளான மக்களிடம் கொண்டுசேர்த்தார். இவருக்கு 2021இல் பத்மசிறீ விருது அறிவிக்கப்பட்டது. மதுரைத் தியாகராசர் கல்லூரியில் பணியாற்றிய கு. ஞானசம்பந்தன் உள்ளிட்ட பலரும் இந்நகரிலிருந்து இத்துறையில் புகழ்பெற்றனர்.

இதன் அமைப்பு எளியது. நடுவர் நடுவிலும் இரு அணியினர் இரு புறத்திலும் அமர்வர். பேச்சாளர் எதிரணியை நோக்கிப் பேசாமல் 'நடுவர் அவர்களே' என்று நடுவரை விளித்தே பேசுவார். இது வெறும் மரியாதைச் சொல் அன்று. சொல் நேரே எதிரியைச் சென்று தாக்காமல் மூன்றாமவர் வழியாகச் செல்வதால் அதன் சூடு தணிகின்றது. நேரம் கடந்தால் மணி ஒலிக்கும். பேச்சாளர் தரப்பு அவரது சொந்தக் கொள்கையாக இருக்க வேண்டியதில்லை. இன்று ஓர் ஊரில் கண்ணகியைப் போற்றியவர் நாளை வேறோர் ஊரில் மாதவிக்காகப் பேசலாம். ஆகவே தோல்வி அணிக்கே உரியது, ஆளுக்கு உரியதன்று. கழுமரத்தின் கதை வழங்கிய ஊரில், தோற்ற அணியும் வென்ற அணியும் ஒரே வண்டியில் ஊர் திரும்பும் மரபு உருவானது சிறிய மாற்றமன்று.

குறைகளும் உண்டு. நகைச்சுவை மிகுந்து பொருள் மறைவதும், எவரும் மனம் நோகாதபடி நடுவர் இரு தரப்பும் வேண்டும் என்று தீர்ப்பளிப்பதும் அடிக்கடி நிகழ்கின்றன. கணவனா மனைவியா, மாமியாரா மருமகளா என்பன போன்ற தலைப்புகளில் எவரும் எதையும் இழப்பதில்லை. நெறி காக்கப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம் ஆகும்.

அவையில் இடம்

இழப்பதற்கு ஒன்று இருக்கும் அவை ஊர்க்கூட்டமே. மதுரையைச் சூழ்ந்த சிற்றூர்களில் மந்தையிலும் சாவடியிலும் கூடிய ஊர்க்கூட்டங்களில் நீர்ப்பங்கீடு, திருவிழா வரி, எல்லைத் தகராறு முதலியன பேசி முடிக்கப்பட்டன. மூத்தோர் பேசியபின் இளையோர் பேசுதல், துண்டைத் தோளிலிருந்து எடுத்துப் பேசுதல் போன்ற வழக்கங்கள் அங்கு மரியாதை எனப்பட்டன. ஆனால் அதே மரியாதை, தாழ்த்தப்பட்டோர் எட்ட நின்று பேசுவதையும் பெண்கள் பேசாதிருப்பதையும் வேண்டியது. பலகை நீளவில்லை.

1996ஆம் ஆண்டு உள்ளாட்சித் தேர்தலின்போது மதுரை மாவட்டத்தில் சில ஊராட்சிகளின் தலைவர் பதவி ஆதிதிராவிடர்க்கு ஒதுக்கப்பட்டது. மேலூரை அடுத்த மேலவளவில் அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசனும் உடன் வந்தோரும் 1997 சூன் 30 அன்று பேருந்தை மறித்துக் கொல்லப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் வேட்புமனு தாக்கல் செய்ய எவரும் முன்வராமலும், தேர்ந்தெடுக்கப்பட்டோர் உடனே விலகியும் பத்து ஆண்டுகள் தலைவர் பதவி நிலைபெறவில்லை. 2006 அக்டோபரில் நடந்த தேர்தலிலேயே இந்நிலை மாறியது.

1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் கிராம சபையின் உறுப்பினர் ஆவர். மானூர்ச் சபையைப் போல் நிலமோ கல்வியோ இதற்குத் தகுதி அன்று. சனவரி 26, மே 1, ஆகத்து 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடிவந்த இச்சபை, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களையும் சேர்த்து ஆண்டுக்கு ஆறு முறை கூடும் என அறிவிக்கப்பட்டது. மக்கள் தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 10,000க்கு மேற்பட்ட ஊராட்சியில் 300 பேரும் வந்திருந்தாலே கூட்டம் செல்லும். 2021 அக்டோபர் 2 அன்று அப்போதைய முதலமைச்சர் மு. க. தாலின் கலந்துகொண்ட கிராம சபைக் கூட்டம் பாப்பாபட்டியில் நடைபெற்றது.